ஊஞ்சலில் கட்டிய காப்பு

என் தமையனாரின் குரலை மருத்துவர்கள் மறுநாள் காலையில் எடுத்துவிடப் போகிறார்கள் என்ற செய்தி வந்தபோது, நான் அச்சுக்கூடத்தில் மை காயவைக்கும் உலையின் வாய்க்குள் குனிந்து, அறுந்துபோன காகிதத்தை இழுத்துக்கொண்டிருந்தேன். குரல்வளையில் கட்டி. அதை எடுத்தால் உயிர் தங்கும், பேச்சு தங்காது என்று முன்பே சொல்லியிருந்தார்கள். அறுவைச் சிகிச்சைக்கு அடுத்த வாரம்தான் நாள் குறித்திருந்தார்கள். ஆகவே ஞாயிற்றுக்கிழமை கணியம்பாடியில் அவர் வீட்டுக்குப் போய், எதிரெதிரே அமர்ந்து ஒரு பதிகம் முழுவதும் பாடிவிட்டு வருவது என்று எண்ணியிருந்தேன். அந்த ஞாயிறு கைநழுவிப் போயிற்று.

“தம்பி, வேலூர் ஆஸ்பத்திரில நடுவுல ஒரு எடம் காலியாச்சின்னு இவருக்குக் குடுத்துட்டாங்க. நாளைக்கி காலைல மொத ஆளு இவருதான். சாய்ந்தரம் ஏழு மணிக்கு மேல உள்ள யாரையும் வுட மாட்டாங்களாம்” என்றார் அண்ணி கைப்பேசியில். “உங்க அண்ணன் வாசக்கதவையே பாத்துட்டு இருக்காரு. வந்துடுங்க தம்பி.”

“வர்றேன் அண்ணி. இதோ கெளம்பிட்டேன்.”

சொல்லிவிட்டேன். சொன்ன கணமே என் பார்வை என் வலது மணிக்கட்டின்மேல் போய் நின்றது. அங்கே மஞ்சள் தோய்த்த காப்புக் கயிறு இருந்தது.

எங்கள் பக்கத்தில் அம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டிவிட்டால், கட்டிக்கொண்டவர்கள் திருவிழா முடியும்வரை ஊர் எல்லையைத் தாண்டுவதில்லை. அந்த வழக்கம் எங்கள் அச்சுக்கூடத்துக்குள் எப்போது நுழைந்தது என்று எனக்குத் தெரியாது. நான் வேலைக்குச் சேர்ந்தபோதே இருந்தது. ஆயுத பூசையன்று இயந்திரத்துக்கு ஒரு காப்பு, அதை ஓட்டும் தலைமை ஆளுக்கு ஒரு காப்பு. தீபாவளி வேலைகள் முடிந்து கடைசி வண்டி வெளியேறும்வரை இரண்டும் அவிழ்வதில்லை. காப்புக் கட்டிக்கொண்டவர் ஓர் அச்சு ஓட்டத்தைத் தொடங்கிவிட்டால், அடுத்த ஷிப்டுக்கு வருபவர் இயந்திரத்தைத் தொட்டு வாங்கிக்கொள்ளாமல் அவர் வாசலைத் தாண்டக் கூடாது. சுவரில் எழுதி ஒட்டியிருக்கும் விதிகளை மீறியவர்கள் உண்டு. இதை மீறியவரை நான் கண்டதில்லை. பதிகம் பாடுகிறவன் என்பதால் காப்புக் கட்டும் பொறுப்பு நெடுங்காலமாக என்னிடமே இருந்தது. அன்று என்னிடமிருந்து இயந்திரத்தை வாங்கிக்கொள்ள வேண்டிய ஆளோ காய்ச்சலில் படுத்திருந்தார்.

தமையனாரைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். ஜோலார்பேட்டையில் ரயில்வே வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வேலைக்காலத்தில் தண்டவாளத்தின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குக் கூவிப் பழகிய தொண்டை அது. அந்தத் தொண்டையே கோயிலில் நிற்கும்போது எப்படி அத்தனை தணிந்து குழையும் என்பது எனக்கு என்றும் வியப்பு. பாடல்களை நாங்கள் பங்கிட்டுப் பாடுவோம். முதற்பாட்டு அவருடையது, இரண்டாம் பாட்டு என்னுடையது, மூன்றாவது அவருக்கு. அவர் தம் பாட்டின் கடைசிச் சொல்லை முடிக்காமல் சற்றே நீட்டி வைத்திருப்பார். அந்த நீட்சி அடங்குமுன் நான் என் பாட்டை எடுத்துவிட வேண்டும். எடுக்கத் தவறினால் கோயிலென்றும் பாராமல் திரும்பி முறைப்பார். அந்தக் குரலை இனிக் கேட்பதற்கு எஞ்சியிருந்தது அந்த ஒரு மாலைதான்.

எங்கள் அச்சுக்கூடம் ஆம்பூருக்கு இப்பால், தோல் பதனிடும் தொழிற்சாலைகளும் காலணித் தொழிற்சாலைகளும் நெருங்கிக் கிடக்கும் இடத்தில் இருக்கிறது. காகிதத்துக்குக் காற்றின் ஈரம் ஆகாது என்பதால் கூடத்துக்குச் சன்னல் கிடையாது. இரும்புக் கதவுகளை இறக்கிவிட்டால் வெளியே வெயிலா மழையா என்று தெரியாது. ஒரு முனையில் ஓராள் உயரத்துக்குக் காகித ரீல். அதிலிருந்து புறப்படும் காகிதம் நான்கு நிற உருளைகளுக்கிடையே ஓடி, எரிவாயு உலைக்குள் புகுந்து மை காய்ந்து, குளிர்ந்த உருளைகளைச் சுற்றி, மறுமுனையில் மடிந்து நறுக்குண்டு விழும். இத்தனை தூரமும் ஒரே காகிதம். முன்னால் இழுக்கும் விசை ஒன்று, பின்னால் பிடித்துக்கொள்ளும் விசை ஒன்று. பிடி தளர்ந்தால் காகிதம் உலைக்குள் படபடத்து, நிறங்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகும். பிடி இறுகினால் அறுந்துபோகும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட விறைப்பில் அதை வைத்திருப்பதே என் தொழில்.

அந்த விறைப்பைக் காப்பது ரீலை அடுத்து மேலும் கீழும் அசையும் ஓர் உருளை. டான்சர் ரோலர் என்பது அதன் பெயர். நாங்கள் ஊஞ்சல் என்போம். ரீல் காகிதத்தை அதிகமாக விட்டால் ஊஞ்சல் தாழும், குறைத்து விட்டால் உயரும். அது அசைவதற்கேற்ப ரீலின் பிரேக் இறுகும், தளரும். ஊஞ்சலுக்குப் பின்னால் ஒரு காற்றுச் சிலிண்டர் உண்டு. அதில் எத்தனை காற்றழுத்தமோ அத்தனையே காகிதத்தின் விறைப்பு. சிலிண்டர் அந்தக் கோடையில்தான் வந்தது. அதற்கு முன் ஊஞ்சலைத் தாங்கும் கையில் இரும்பு எடைகள் தொங்கிக்கொண்டிருந்தன. அந்தக் கையில்தான் ஆண்டுதோறும் காப்புக் கட்டுவோம். இவ்வாண்டும் அங்கேயே கட்டினோம்.

அன்று அடித்தது ஒரு செருப்புக்கடையின் தீபாவளி விளம்பரப் புத்தகம். நாளிதழ்களுக்குள் செருகி அனுப்புவது. அதுவரை அடித்த வேலைகள் எல்லாம் கனத்த தாளில். இது மிக மெல்லிய, பளபளப்பான தாள். மெல்லிய தாளுக்கு விறைப்பைக் குறைத்துத்தான் வைக்க வேண்டும். வைத்திருந்தேன். ஆயினும் வேகம் கூட்டும்போதெல்லாம் அறுந்தது.

மேலாளரிடம் போய்த் தமையனாரின் செய்தியைச் சொன்னேன். நல்ல மனிதர், ஆனால் அவர் கைப்பேசியில் செருப்புக்கடைக்காரர் ஓயாமல் அழைத்துக்கொண்டிருந்தார்.

“அய்யா, ஒரே ஒரு ரீலு” என்றார். “ஒரு ரீலு அறுக்காம ஓடட்டும். அப்புறம் பசங்க பாத்துக்குவாங்க. என் கார்லயே உங்கள அனுப்பறேன். காப்பு கட்டிக்கினு பாதில எழுந்து போனா நல்லாவா இருக்கும்? உங்களுக்கு நான் சொல்லணுமா?”

எனக்கு அவர் சொல்ல வேண்டியதில்லை. அதுதான் என் துன்பம். அவர் அதட்டியிருந்தால் நான் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பியிருப்பேன். என் நம்பிக்கையை எடுத்து என் முன்னாலேயே வைத்துவிட்டு நின்றார். அதைத் தாண்டிப் போக எனக்குக் கால் எழவில்லை.

மறுபடியும் உலைக்குள் காகிதத்தை நுழைத்து, உருளை உருளையாகக் கடத்தி, ஓட்டினோம். அண்ணி மீண்டும் அழைத்தால் கேட்க வேண்டுமென்று காதுக்கவசத்தைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டேன். இயந்திரத்தின் இரைச்சல் முழுவதும் நேராகத் தலைக்குள் இறங்கியது. ஓடும் காகிதத்தின் அடியில் புறங்கையை வைத்துப் பார்த்தேன். நல்ல விறைப்பில் இருக்கும் காகிதம் புறங்கையில் ஒரே சீராக அதிரும். தம்பூராவின் தண்டில் கன்னம் வைத்தாற்போல் இருக்கும். அன்றும் அப்படித்தான் அதிர்ந்தது. வேகத்தைக் கூட்டச் சொன்னேன். அதிர்வு ஒருமுறை தடுக்கியது. அடுத்த கணம் துப்பாக்கி வெடித்தாற்போல் ஓசை. காகிதம் அறுந்து, உலை தானாக அணைந்து, கூடமெங்கும் கருகிய நெடி.

ரீல் மாட்டுகிறவர் ஆம்பூர்க்காரர், இஸ்லாமியர், என்னைவிடச் சற்று இளையவர். என்னைச் சாமி என்றே அழைப்பார். தரையில் சுருண்டு கிடந்த காகிதத்தைக் காலால் ஒதுக்கிக்கொண்டே, “சாமி, அதுக்கும் வேலூருக்குப் போவணுமாம். அதான் அறுத்துக்கினு ஓடுது” என்றார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதைக் கண்டதும் குரலைத் தாழ்த்திக்கொண்டார். “பேஜாராதான் இருக்கு. நீங்க போங்க சாமி. ஆண்டவன் இன்னா கணக்கு பாத்துக்கினா உக்காந்திருக்கான்?”

“எங்க ஆண்டவன் பாப்பாரு” என்றேன்.

“எங்க ஆண்டவனும் பாப்பாருதான். ஆனா அண்ணன்னா வுட்டுக் குடுப்பாரு.”

குறை ரீலில் இருக்கும் என்று ரீலை மாற்றினோம். பிரேக்கில் இருக்கும் என்று பிரேக்கைப் பிரித்துத் துடைத்தோம். குளிர்ந்த உருளைகளின் வேகத்தைக் குறைத்துப் பார்த்தேன், கூட்டிப் பார்த்தேன். காற்றழுத்தம் காட்டும் முள்ளோ, இருக்க வேண்டிய இடத்தில் அசையாமல் நின்றது. ஓட்டுவோம், அறுந்துபோகும். ஒவ்வொரு முறையும் அந்த நெடும் வழியெல்லாம் காகிதத்தைக் கையால் கடத்த வேண்டும். வாசற்பக்கத்துச் சிறிய கதவை யாரோ திறந்து மூடினார்கள். அந்த இடைவெளியில் வெயில் மஞ்சளித்திருப்பது தெரிந்தது.

கட்டுண்ட உயிரின் அழுகையை அடியார்கள் எத்தனை விதமாகப் பாடியிருக்கிறார்கள்! கட்டை அறுத்து என்னை ஆட்கொள்ள மாட்டாயா என்று எத்தனை கோயில்களின் வாசலில் நின்று கேட்டிருக்கிறார்கள்! அவற்றை நான் கண்ணீர் மல்கப் பாடியதுண்டு. அந்தக் கண்ணீர் பண்ணின் இனிமையால் வந்ததென்று அன்றுதான் அறிந்தேன். கதவு அடைத்த கூடத்தில், கையில் மையும் மண்ணெண்ணெயும் அப்பிக்கொண்டு, ஒரு மணிநேரப் பயணத்துக்கு அப்பால் ஒருவர் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்தே நிற்கும்போது, ஒரு பாடலும் நினைவுக்கு வரவில்லை. தொண்டைக்குள் ஓர் அடைப்புத்தான் இருந்தது. தமையனாருக்கும் இப்படித்தான் இருக்கும்போலும் என்று நினைத்தேன். நினைத்ததும் அச்சமாக இருந்தது.

கடைசியில் மேலாளர், சிலிண்டர் பொருத்திய நிறுவனத்தின் பொறியாளரைப் பெங்களூரில் பிடித்தார். ஓர் இளம்பெண். கைப்பேசியின் காணொளியில் அவர் முகம் தெரிந்தது. இயந்திரம் நின்ற பிறகும் என் காதில் இரைச்சல் ஓயாததால் ஒலியை முழுவதும் கூட்டச் சொன்னேன். ரீல் மாட்டுகிறவர் கைப்பேசியை ஏந்திக்கொண்டு இயந்திரத்தின் பக்கவாட்டில் நடந்தார்.

“பிரஷர் எவ்வளவு காட்டுது சார்?”

சொன்னேன்.

“அது ரெகுலேட்டர்ல இருக்கற பிரஷர். சிலிண்டருக்கு அது போய்ச் சேருதான்னு பாக்கணும். டான்சர் ஆர்ம் பக்கத்துல போங்க. இன்னும் கிட்ட. கொஞ்சம் கீழ.” அவர் முகம் திரைக்கு நெருங்கியது. “சார், அது என்ன, மஞ்சளா?”

ரீல் மாட்டுகிறவர் கைப்பேசியை இன்னும் அருகே கொண்டுபோனார்.

“ஆர்ம்ல ஏதோ கயிறு கட்டியிருக்கு. மஞ்சள் கிழங்கு தொங்குது. ஆர்மை மெதுவா கீழே இறக்குங்க சார்.”

நானே ஊஞ்சலைக் கையால் தாழ்த்தினேன். அப்போது எல்லோரும் கண்டோம். பழைய இரும்பு எடைகள் இருந்த இடத்தில் இப்போது காற்றுக்குழாய் ஊஞ்சலின் கையோடு ஒட்டிச் சென்றது. காப்புக் கயிறு கையையும் குழாயையும் சேர்த்துச் சுற்றியிருந்தது. ஊஞ்சல் மேலே நிற்கும்வரை ஒன்றுமில்லை. கனத்த தாள் ஓடியபோது அது மேலேயே நின்றது. மெல்லிய தாளுக்குத் தாழ்ந்து ஆடும்போது, மஞ்சள் கிழங்கு குழாயை நசுக்கியது. காற்று போகவும் வழியின்றி வரவும் வழியின்றிச் சிலிண்டர் கல்லாகி நிற்க, காகிதம் அறுந்தது. முடிச்சு என் கையால் போட்ட முடிச்சு. ஆண்டாண்டாகப் போட்ட இடத்தில், கண்ணை மூடிக்கொண்டு போட்டது.

“கட் பண்ணிடுங்க சார். அவ்வளவுதான்” என்றார் அந்தப் பெண், வெகு எளிதாக.

மேலாளர் ஓரடி பின்வாங்கினார். “கத்தி வெக்கறதா? தீபாவளி முடியட்டும்மா. குழாய் மட்டும் தனியா உருவ முடியாதா?”

“முடிச்சு குழாய் மேலதான் சார் இருக்கு.”

மேலாளர் ரீல் மாட்டுகிறவரைப் பார்த்தார். அவர் கைப்பேசியை ஏந்திய கையைத் தவிர மற்றொரு கையையும் தூக்கிவிட்டார். “என்னப் பாக்காதீங்க சார். நான் அறுத்தா நாளைக்கி ஊர்ல வேற மாதிரி பேசுவாங்க. எனக்கு அந்த வம்பு வேணாம்.”

நிற உருளைகளைப் பார்த்துக்கொள்ளும் இளைஞர்கள் தங்கள் தங்கள் உருளைகளைத் துடைக்கத் தொடங்கினார்கள்.

காப்பை அறுக்கக் கூடாது, அவிழ்க்கலாம். அவிழ்ப்பதற்கு முறை உண்டு. கட்டியவரே பால் தெளித்து அவிழ்க்க வேண்டும். அம்மன் கோயிலில் அதைச் செய்வதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். காலம் வருமுன் அவிழ்க்கலாமா என்பதைத்தான் எவரும் எனக்குச் சொன்னதில்லை. கேட்பதற்கும் அங்கே யாரும் இல்லை. தேநீர் போடுமிடத்திலிருந்து பால் கொண்டுவரச் சொன்னேன்.

“அய்யா, சென்சார் மேல பால் ஊத்திடாதீங்க” என்று மேலாளர் பதறினார். கைப்பேசிக்குள்ளிருந்து அந்தப் பெண்ணும், “என்ன ஊத்தப் போறீங்க சார்?” என்றார்.

“பால்தாம்மா. சாமிக்கு” என்றார் ரீல் மாட்டுகிறவர். “பயப்படாதீங்க, சக்கர போடல.”

விரல்நுனியைப் பாலில் தோய்த்து முடிச்சில் மட்டும் வைத்தேன். மை படிந்த நகத்தால் முடிச்சை நெகிழ்த்த வெகுநேரமாயிற்று. அப்போது பாட்டு வந்தது; தமையனார் எடுக்கும் முதற்பாட்டு. உதட்டுக்குள்ளேயே அதைச் சொல்லி முடித்தபோது கயிறு கையில் வந்துவிட்டது. குழாய் தன் வடிவுக்கு மீண்டு, சிலிண்டர் நெடுமூச்சுவிட்டது.

காப்பு இரண்டும் ஒரே வேளையில் ஒரே பாட்டில் கட்டியவை. இயந்திரத்தின் காப்பை அவிழ்த்துவிட்டு என் காப்பை வைத்துக்கொண்டிருக்க நியாயமில்லை. மணிக்கட்டிலும் பாலைத் தொட்டு வைத்து, பல்லால் கடித்து இழுத்து அவிழ்த்தேன். இரண்டையும் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

மேலாளர் என் வெறும் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு ரீல் ஓடட்டும் என்பாரென்று காத்திருந்தேன். அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

“அவுத்தாச்சின்னா இனிமே உங்கள இங்க நிக்க வெக்கக் கூடாது” என்றார், தமக்குத்தாமே சொல்லிக்கொள்வதுபோல. பிறகு ஓட்டுநரைக் கூப்பிட்டார்.

ரீல் மாட்டுகிறவர் பொத்தானை அழுத்தினார். காகிதம் ஓடத் தொடங்கியது. நான் புறங்கையை வைத்துப் பார்க்கவில்லை.

பள்ளிகொண்டா தாண்டும்போதே விளக்கு வைத்துவிட்டார்கள். மருத்துவமனை வாசலில் காவலர் மணியைப் பார்த்துவிட்டு, என் முகத்தையும் சட்டையையும் பார்த்துவிட்டு, கையசைத்து உள்ளே விட்டார். அவர் ஏதோ சொன்னார், எனக்குக் கேட்கவில்லை. படியேறும்போதுதான் உணர்ந்தேன், என் செருப்போசையும் எனக்குக் கேட்கவில்லை. தலைக்குள் அந்த இயந்திரம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அத்தனை நேரமும் காதுக்கவசமில்லாமல் நின்றதன் பலன்.

தமையனார் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். திருநீறு பளிச்சென்றிருந்தது. என்னைக் கண்டதும் முறைத்தார். அந்த முறைப்பு எனக்குத் தெரியும். அண்ணி எழுந்து இடம் விட்டார். செவிலியர் விரலை உயர்த்தி ஏதோ எச்சரித்துவிட்டுப் போனார். மெதுவாக என்றுதான் சொல்லியிருக்க வேண்டும்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். வாய் திறந்தது. அவர் பாடுகிறார் என்பதைக் கண்டேன். கேட்கவில்லை. தணிந்த குரல், என் காதுக்குள் பேரிரைச்சல். இத்தனை தூரம் வந்தும் நான் அந்தக் கூடத்துக்குள்ளேயே அடைபட்டிருந்தேன். காது கேட்கவில்லை அண்ணா, உரக்கப் பாடு என்று எப்படிச் சொல்வேன்? உரக்கப் பாட அவரிடம் என்ன இருந்தது?

கையை நீட்டி அவர் கழுத்தில் புறங்கையை வைத்தேன். கண் திறந்து பார்த்தார், நிறுத்தவில்லை. கட்டியின் மேடு ஒருபுறம் தட்டுப்பட்டது. அதைத் தாண்டி அதிர்வு வந்தது. எந்தச் சொல்லில் ஏறுகிறார், எங்கே இறங்குகிறார், எங்கே மூச்சுக்கு நிற்கிறார் என்பதெல்லாம் வந்தது. ஓரிடத்தில் அதிர்வு தடுக்கியது. என் உடல் முழுவதும் திடுக்கிட்டது. ஆனால் அறுபடவில்லை. கடைசிச் சொல்லை வழக்கம்போல் முடிக்காமல் நீட்டினார். அது அடங்குமுன் நான் இரண்டாம் பாட்டை எடுத்தேன். என் குரலும் எனக்குக் கேட்கவில்லை. மூன்றாவது அவர். நான்காவது நான். அதற்குமேல் அவரால் முடியவில்லை.

மணி அடித்திருக்க வேண்டும், எல்லோரும் எழுந்தார்கள். நான் வணங்கிவிட்டு நகரும்போது தமையனார் என் கையைப் பற்றி முகத்தருகே கொண்டுபோய் ஏதோ சொன்னார். நான் கேட்டவன்போல் தலையாட்டினேன்.

நடைக்கு வந்ததும் அண்ணியிடம், என்ன சொன்னார் என்று கேட்டேன். உரக்கக் கேட்டிருப்பேன்போலும், நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். என் காதருகே வாயை வைத்துச் சொன்னார்:

“கைய ஒழுங்கா கழுவிட்டு வரக்கூடாதாடா, மையும் மண்ணெண்ணெயுமா நாறுதுன்னாரு.”